தெள்ளுப்பூச்சி ஆள் பார்த்துக் கடிக்குமா?

ஒரு ஹாஸ்டல் அறை. மூன்று பேர் தங்கியிருக்கிறார்கள். வராந்தா மூலையில் ஒரு பூனை குட்டி போட்டு, இரண்டு மாதமாக அங்கேயே குடித்தனம் நடத்துகிறது. பகலில் அறைக்குள் வந்து பாயில் படுத்துத் தூங்கும். யாரும் விரட்டுவதில்லை.

ஒருநாள் காலையில் மூவரில் ஒருவன் காலைச் சொறிந்துகொண்டே எழுந்திருக்கிறான். கணுக்காலைச் சுற்றி மூன்று மூன்றாகச் சிவப்புத் தடிப்புகள். "டேய், ரூம்ல ஏதோ பூச்சி இருக்குடா" என்கிறான். மற்ற இருவரும் தங்கள் கால்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒன்றுமே இல்லை.

"எங்களை எதுவும் கடிக்கலையே? உன் ரத்தம் ரொம்ப இனிப்பு போல" என்று ஒருவன் சிரிக்கிறான். "முதல்ல அந்தப் போர்வையைத் துவைடா" என்கிறான் இன்னொருவன்.

அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. தீர்ப்பு: அறையில் பூச்சி இல்லை. குற்றவாளி, கடிபட்டவனேதான்!

வீடுகளிலும் இதே கதைதான் நடக்கிறது. சின்னக் குழந்தையின் காலில் தடித்திருந்தால் "சூட்டுக் கொப்புளம்" என்பார்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மா சொன்னால் "அவங்க வீட்லேர்ந்து கொண்டுவந்திருப்பாங்க" என்பார்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் அரித்தால் அது அவருடைய ரத்தக் கோளாறு, அல்லது அவருடைய சுத்தக் குறைவு. அப்படி இல்லையென்றால் மனப்பிரமை!

இந்தத் தீர்ப்பு தவறு. கொஞ்சம் தவறு இல்லை, முழுக்கவே தவறு. ஏனென்றால் இதில் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பூச்சி யாரை அதிகமாகக் கடிக்கிறது என்பது ஒரு கேள்வி. கடித்த இடம் யாருக்கு அதிகமாகத் தடிக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் பதில் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

முதலில், ஆசாமி யார்?

தெள்ளுப்பூச்சி என்றதும் பலர் உண்ணியை நினைத்துக்கொள்கிறார்கள். உண்ணி என்பது நாயின் காதில் ஒட்டிக்கொண்டு மிளகு மாதிரி உப்பிப் போவது, அதற்கு எட்டுக் கால். மூட்டைப்பூச்சி கட்டில் இடுக்கிலும் மெத்தைத் தையலிலும் ஒளிந்திருப்பது. பேன் தலையை விட்டு இறங்காது. தெள்ளு இந்த மூன்றும் இல்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், பக்கவாட்டில் தட்டையான பழுப்பு நிற உடம்பு, இறக்கை கிடையாது, ஆறு கால். பிடிக்கப் போனால் விரல் நுனியிலிருந்து காணாமல் போய்விடும். ஒரே தாவலில் ஓரடி தூரம் போகக்கூடியது. அதன் உடம்பு நீளத்தோடு ஒப்பிட்டால் நூறு மடங்கு!

உலகம் முழுக்க வீடுகளில் அதிகம் காணப்படுவது பூனைத் தெள்ளு. பெயரில்தான் பூனை, நாயையும் விடாது. மனிதர்களை இது கடிக்கும், ஆனால் மனித உடம்பில் குடியிருக்காது. ரோமம் அடர்ந்த உடம்புதான் அதற்கு வீடு. நாமெல்லாம் வழியில் இருக்கும் டீக்கடை மாதிரி!

இந்தப் பூச்சியின் வாழ்க்கையில் பெரும்பகுதி யார் கண்ணிலும் படாமல் நடப்பது. பெண் தெள்ளு பூனையின் மேல் இருந்துகொண்டே ஒரு நாளைக்கு 40, 50 முட்டைகள் வரை இடும். அந்த முட்டைகள் வழுக்கிக்கொண்டு தரையில் உதிர்ந்துவிடும். பூனை எங்கே அதிகம் படுக்கிறதோ அங்கேதான் அதிகம் உதிரும். முட்டையிலிருந்து வரும் புழு வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கும். பாய்க்கு அடியில், தரை விரிசலில், மிதியடியின் நூலிடுக்கில் போய் இருந்துகொள்ளும். பெரிய தெள்ளுகள் கழிக்கும் காய்ந்த ரத்தத் துணுக்குகள்தான் அதற்குச் சாப்பாடு. பிறகு கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் பூச்சி முழுதாக உருவான பிறகும் உடனே வெளியே வராது. காத்திருக்கும். தேவைப்பட்டால் மாதக்கணக்கில் காத்திருக்கும். எதற்கு? தரை அதிர வேண்டும், சூடு தெரிய வேண்டும், மூச்சுக்காற்றின் கரியமில வாயு வர வேண்டும். அதாவது, யாராவது வர வேண்டும்.

பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குக் குடிபோகிறவர்களை முதல் நாளே கூட்டமாகப் பூச்சி கடிப்பது இதனால்தான். பழைய குடித்தனக்காரர் பூனை வளர்த்திருப்பார், அவரும் பூனையும் போய் நாலு மாதம் ஆகியிருக்கும். புதிதாக வந்தவர்கள் "எங்க பழைய வீட்ல இப்படி இல்லவே இல்லையே" என்று குழம்புவார்கள். வீட்டுக்காரரோ "நீங்க வந்த பிறகுதான் பூச்சி வந்துச்சு" என்பார். ஒரு விதத்தில் அதுவும் உண்மைதான்! இவர்கள் கால் பட்ட பிறகுதான் அது கூட்டை விட்டு வெளியே வந்தது.

யாரைக் கடிக்கிறது?

கொசுவுக்கு இறக்கை உண்டு. வாசனை பிடித்துக்கொண்டு ஆளைத் தேடி வரும். நாலு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க அதற்கு வசதி இருக்கிறது. தெள்ளுக்கு அந்த வசதி மிகக் குறைவு. தரையில் கிடக்கிறது. பக்கத்தில் அதிர்வு, சூடு, நிழல், மூச்சுக்காற்று, இவற்றில் ஏதாவது தெரிந்தால் அந்தப் பக்கம் தாவுகிறது. எட்டிய இடத்தில் கடிக்கிறது. எட்டுவது பெரும்பாலும் கணுக்காலும் கெண்டைக்காலும்தான். முதல் இடம் சரியில்லை என்றால் பக்கத்தில் இன்னொரு கடி, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மூன்று மூன்றாக வரிசையில் தடிப்பதற்கு இதுதான் காரணம்.

ஆகவே தெள்ளு யாரை அதிகம் கடிக்கும் என்ற கேள்விக்கு முதல் பதில் மிகச் சாதாரணமானது: யார் தரைக்கு அருகில் இருக்கிறாரோ அவரை. கட்டிலில் படுப்பவரைவிடப் பாயில் படுப்பவரை. நாற்காலியில் இருப்பவரைவிடத் தரையில் உட்கார்ந்து காய் நறுக்குபவரை. தவழும் குழந்தையை. வெறுங்காலுடன் கூட்டிப் பெருக்குபவரை. பூனையைத் தூக்கிக் கொஞ்சுபவரை. இதில் ரத்தத்தின் இனிப்புக்கு எந்த வேலையும் இல்லை.

இதை இந்தியா ஒரு காலத்தில் மிகப் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது.

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்டவி பகுதியில் கொள்ளைநோயை, அதாவது பிளேக்கை, டாக்டர் அகாசியோ வியேகாஸ் கண்டுபிடித்துச் சொன்னார். துறைமுகத்தை ஒட்டிய இடம், எங்கு பார்த்தாலும் தானியக் கிடங்குகள், கிடங்கு நிறைய எலிகள். நோய்க்குக் காரணமான கிருமியை 1894-லேயே ஹாங்காங்கில் அலெக்சாந்தர் எர்சன் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அது ஆளுக்கு ஆள் எப்படிப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. அழுக்குதான் காரணம் என்று அதிகாரிகள் நம்பினார்கள். சாக்கடைகளில் கார்பாலிக் அமிலம் கலந்த தண்ணீரைப் பாய்ச்சினார்கள். 1897-ல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. வீடு புகுந்து சோதனை, ஆட்களை நிறுத்தி உடம்பைத் தடவிச் சோதனை, சாமான்களை எடுத்துப் போட்டு எரிப்பது என்று நடந்தது. பூனாவில் இந்தக் கெடுபிடிகளால் மக்கள் கொதித்துப் போனார்கள். பிளேக் அதிகாரி ராண்டை அந்த ஆண்டு ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள், அந்தக் காயத்தால் அவர் இறந்துபோனார். பாடப்புத்தகத்தில் இது விடுதலைப் போராட்டத்தின் ஒரு வரியாக வந்து போகும். அதற்குப் பின்னால் இருந்தது ஒரு தவறான கேள்வி: "இந்த மனிதர்களிடம் என்ன கோளாறு?"

சரியான கேள்வியைக் கேட்டவர் பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர். பம்பாயிலும் கராச்சியிலும் நோயாளிகளைப் பார்த்தபோது, சிலருடைய காலில் சின்னதாக ஒரு கொப்புளம் இருப்பதைக் கவனித்தார். நோய் தொடங்கும் நேரத்திலேயே அது இருந்தது. பூச்சி கடித்த இடம் மாதிரி தெரிந்தது. 1898-ல் கராச்சியில் ஒரு சோதனை செய்தார். பிளேக் வந்த, தெள்ளுகள் மண்டிய ஒரு எலியைக் கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டார். அது சாகும் தறுவாயில், ஆரோக்கியமான இன்னொரு எலியைக் கம்பிக் கூண்டில் வைத்து உள்ளே தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தொட முடியாது, ஆனால் தெள்ளு தாவ முடியும். சில நாளில் இரண்டாவது எலியும் பிளேக்கில் செத்தது. அவர் இதை எழுதி வெளியிட்டபோது பெரும்பாலோர் நம்பவில்லை.

பிறகு 1905-க்கு மேல் பம்பாயில் பிளேக் ஆராய்ச்சிக் குழு இதை விரிவாகச் சோதித்தது. அதில் ஒரு சோதனை அழகானது. பிளேக் பரவிய இடத்தில் கினிப் பன்றிகளைக் கூண்டில் அடைத்து வைத்தார்கள். தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் இருந்தவற்றுக்கு நோய் வந்தது. இரண்டு அடி உயரத்தில் தொங்கவிட்டவை தப்பித்தன. அதே கட்டடம், அதே காற்று, அதே ரத்தம். வித்தியாசம், தெள்ளின் தாவலுக்கு எட்டுகிற உயரமா இல்லையா என்பது மட்டும்தான்.

கிடங்குத் தரையில், தானிய மூட்டைகளுக்கு நடுவே படுத்துத் தூங்கிய கூலித் தொழிலாளியை "அழுக்கானவன்" என்று சொன்னவர்கள், அவன் தரையில் படுத்திருந்தான் என்பதைக் கவனிக்கவில்லை. அந்தக் கொள்ளைநோயில் அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் இந்தியாவில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

யாருக்குத் தடிக்கிறது?

இப்போது இரண்டாவது கேள்வி. ஹாஸ்டலில் மூவருமே தரையில்தான் படுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஏன் ஒருவனுக்கு மட்டும்?

கடிக்கும்போது தெள்ளு தன் எச்சிலை நம் தோலுக்குள் விடுகிறது. அரிப்பும் தடிப்பும் ஊசி குத்தியதால் வருவதில்லை. அந்த எச்சிலில் உள்ள பொருள்களுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்புதான் அது. எதிர்ப்பு என்பது பழக்கத்தால் வருவது, பழக்கத்தால் போவது.

1946-ல் கென்னத் மெல்லன்பி என்ற ஆங்கிலேயப் பூச்சியியல் அறிஞர் கொசுக்கடியை வைத்து இதை விளக்கினார். முன்பு அந்தக் கொசு கடித்தே இராத ஒருவரைக் கடித்தால் முதலில் ஒன்றுமே ஆகாது. தொடர்ந்து கடி வாங்கினால், கடித்த மறுநாள் தடிக்கத் தொடங்கும். இன்னும் கடித்தால் உடனே ஒரு தடிப்பு, மறுநாள் ஒரு தடிப்பு. அதன் பிறகு மறுநாள் வருவது நின்று, உடனடித் தடிப்பு மட்டும் வரும். மேலும் மேலும் கடி வாங்கிக்கொண்டே இருந்தால் கடைசியில் மறுபடியும் ஒன்றுமே ஆகாது! 1960-களில் கினிப் பன்றிகளைத் தெள்ளுகளால் கடிக்கவைத்துச் செய்த ஆய்வுகளிலும் இதே மாதிரியான படிகள்தான் தெரிந்தன.

இதை அந்த ஹாஸ்டல் அறைக்குக் கொண்டு வந்து பாருங்கள். தடிப்பே இல்லாதவன் இரண்டு வகையில் ஒருவனாக இருக்கலாம். வாழ்க்கையில் தெள்ளுக்கடியே அறியாத, முதல் படியில் நிற்பவன். அல்லது சின்ன வயதிலிருந்தே நாயும் ஆட்டுக்குட்டியுமாக வளர்ந்து, ஆயிரம் கடி வாங்கிக் கடைசிப் படியைத் தாண்டியவன். இருவரையும் அறையில் இருக்கும் தெள்ளு ராத்திரி முழுக்கக் கடித்திருக்கலாம். தோல் சொல்லவில்லை, அவ்வளவுதான். நடுப்படியில் நிற்பவன் தோல் மட்டும் சத்தம் போடுகிறது.

குழந்தைகளுக்கு இந்தத் தொந்தரவு அதிகமாக இருப்பதும் இதனால்தான். இரண்டு வயதிலிருந்து பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பூச்சிக்கடியால் உடம்பில் அங்கங்கே தடித்து, பழைய கடித்தடங்கள்கூட மறுபடி அரிக்கும். வளர வளரப் பெரும்பாலானவர்களுக்கு அது தானாகக் குறைந்துவிடும். நாய்களிலும் இதைப் பார்க்கலாம். எப்போதாவது தெள்ளு ஏறும் நாய்க்குத்தான் அலர்ஜி கடுமையாக வரும், எப்போதும் தெள்ளோடு திரியும் தெருநாய் பல நேரம் சும்மா படுத்திருக்கும். அதைப் பார்த்து "இந்த நாய்க்குத் தெள்ளே இல்லை" என்று யாராவது சொல்வார்களா? மனிதர்கள் விஷயத்தில் மட்டும் சொல்லிவிடுகிறோம்!

அப்படியானால் இனிப்பு ரத்தம்?

ஆளுக்கு ஆள் ஈர்ப்பில் வித்தியாசமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கொசு விஷயத்தில் அது உண்மையாகவே இருக்கிறது. 2022-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வெளியான ஆய்வு ஒன்றில், ஆட்களின் கைகளில் நைலான் உறை மாட்டி, அதில் ஏறிய வாசனைக்கு டெங்கு கொசுக்கள் எப்படி வருகின்றன என்று பார்த்தார்கள். அதிகம் ஈர்த்தவருக்கும் குறைவாக ஈர்த்தவருக்கும் இடையே சுமார் நூறு மடங்கு வித்தியாசம். காரணமாகத் தெரிந்தது, தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசையில் உள்ள கார்பாக்சிலிக் அமிலங்கள். ரத்தமல்ல, தோலின் வாசனை. ரத்தவகை பற்றியும் பேச்சு உண்டு. 2004-ல் ஜப்பானில் நடந்த ஒரு சோதனையில் ஓ வகையினர் மேல் ஒருவகைக் கொசு அதிகம் அமர்ந்தது. ஆனால் எல்லாச் சோதனைகளும் அப்படிச் சொல்லவில்லை.

கொசுவுக்குக் கண்டுபிடித்ததைத் தூக்கித் தெள்ளின் தலையில் வைப்பதுதான் பிரச்சினை. பி1 வைட்டமின் மாத்திரை போட்டால் கடிக்காது, பூண்டு தின்றால் கிட்டவே வராது என்றெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதும் இப்படித்தான். கொசுவிடமே பி1 மாத்திரை பலிக்கவில்லை என்றுதான் சோதனைகள் சொல்கின்றன. சர்க்கரை விஷயம் இன்னும் வேடிக்கை. பெண் தெள்ளு ரத்தம் குடிப்பது முட்டைக்குத் தேவையான புரதத்துக்காக. பாயசம் குடிக்க அது வரவில்லை!

சரி, என்ன செய்ய வேண்டும்?

யார் சொல்வது சரி என்று வாக்குவாதம் செய்வதற்குப் பதிலாகச் சோதித்துப் பார்த்துவிடலாம். வெள்ளைக் காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு அறையில் கொஞ்ச நேரம் நடந்தால் போதும். தெள்ளு இருந்தால் கறுப்புப் புள்ளிகளாக வந்து ஒட்டும். பூனையை ஈர வெள்ளைத் துணியின் மேல் நிறுத்திச் சீவினால் கறுப்புத் துணுக்குகள் விழும். அவை ஈரம் பட்டுச் செம்பழுப்பாகக் கரைந்தால் அது மண் இல்லை, தெள்ளு கழித்த ரத்தம். ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, மேலே சின்ன விளக்கொன்றை ராத்திரி முழுக்க எரியவிட்டாலும் காலையில் தட்டில் சாட்சி மிதக்கும்.

இருக்கிறது என்று தெரிந்தபின், அரிக்கிறவனுக்கு மட்டும் களிம்பு வாங்கிக் கொடுத்துவிட்டால் போதாது. பூனைக்கோ நாய்க்கோ கால்நடை மருத்துவரைக் கேட்டு மருந்து போட வேண்டும். (நாய்க்கு என்று விற்கும் மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. அவற்றில் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையின் உயிரை வாங்கிவிடும்.) பாய், போர்வை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைக்க வேண்டும். மூலை முடுக்கெல்லாம் தினமும் பெருக்க வேண்டும். மருந்தடித்த பிறகும் இரண்டு மூன்று வாரத்துக்குப் புதிய தெள்ளுகள் வரத்தான் செய்யும், ஏனென்றால் கூட்டுக்குள் இருப்பதை மருந்து தொடாது. "மருந்து வேஸ்ட்" என்று நடுவில் விட்டுவிடக் கூடாது.

இதெல்லாம் செய்வதற்கு முன்னால் ஒரு விஷயம் நடந்தாக வேண்டும். அரிக்கிறது என்று சொல்பவரை நம்ப வேண்டும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தெள்ளு விஷயத்தில் தனக்கு வந்தாலும் தெரியாது! கடி வாங்கிக்கொண்டே "எனக்கு ஒன்றுமில்லை" என்று இருக்க முடியும். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவருடைய தோல் மட்டும் உண்மையைச் சொல்கிறது என்றால், அவர் அந்த வீட்டின் நோயாளி இல்லை, அந்த வீட்டுக்கு அடிக்கிற எச்சரிக்கை மணி. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூலிக்காரன் காலில் இருந்த சின்னக் கொப்புளத்தை ஒருவர் மதித்துப் பார்த்ததால்தான் ஒரு பெரிய கொள்ளைநோயின் பாதை தெரிந்தது.

ஹாஸ்டல் அறையில் மணி அடித்தாகிவிட்டது. மற்ற இருவரும் சிரிப்பதை நிறுத்திவிட்டு, முதலில் பாயைத் தூக்கிப் பார்க்கட்டும்.